தீவகத்தில் ஹாலோவீன்: பூசணிக்காய் வரட்டும், எலும்புக்கூடு வேண்டாம்

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து, அம்மம்மாவின் ஊரில் சில மாதம் ஆங்கிலம் படிப்பிக்கலாம் என்று வரும் இளையோருக்கு ஒக்டோபர் பிறந்ததும் கை துருதுருக்கும். ஊர்காவற்துறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ தரம் 3, 4, 5 பிள்ளைகள் முன்னால் இருக்கிறார்கள். தெரிந்த கொண்டாட்டம் ஒன்று கைவசம் இருக்கிறது. செய்து பார்த்தால் என்ன? உள்ளூர் ஆங்கில ரீச்சர்மாருக்கும் யூடியூப் பார்த்த பிறகு அந்த ஆசை வருவதுண்டு.

செய்யலாம் என்பதே என் கட்சி. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு புது மொழியைப் பழக்க இதைவிட வசதியான பண்டிகை குறைவு. வேஷம் கட்டலாம், கதவைத் தட்டலாம், கேட்டு வாங்கலாம், நன்றி சொல்லலாம், வாங்கியதை எண்ணலாம். ஒரே வசனத்தைப் பத்து வாசலில் பத்துத் தரம் சொன்னாலும் பிள்ளைக்கு அலுக்காது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு ரொபி இருக்கிறதே!

அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார்கள்; அங்கே பெரிய பூசணிக்காயைக் கண்டு அதைக் குடையத் தொடங்கினார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன பண்டிகை என்றால் தீவகத்தாருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. இன்றைக்குப் புங்குடுதீவாரின் பேரப்பிள்ளைகள் ஸ்காபரோவில் வேஷத்துக்கு மேல் குளிர் ஜக்கற்றும் போட்டுக்கொண்டு கதவு தட்டுகிறார்கள். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கிய அமெரிக்க மிஷன்காரர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் கொண்டுவந்தார்கள், மருத்துவமும் அச்சும் கொண்டுவந்தார்கள், ஹாலோவீனைக் கொண்டுவரவில்லை. அது இருநூறு வருஷம் பிந்தி, நம்முடைய பிள்ளைகளின் கையிலேயே வந்து சேர்கிறது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் கிடப்பதெல்லாம் இங்கே இறக்கக்கூடிய சாமான் அல்ல. எலும்புக்கூடு, இரத்தக்கறை, கல்லறை, கண்ணுக்கு மட்டும் துளை விட்ட துணி ஆகியவை ரொறன்ரோவில் கடைச் சாமான்கள். தீவகத்தில் அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதி. அதனால் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செய்யக்கூடாதவை

தலையை மூடும் முகமூடி வேண்டவே வேண்டாம். பழைய பெட்ஷீற்றில் இரண்டு துளை வெட்டிப் பிள்ளையின் தலையில் போட்டால் பேய் தயார் என்று எல்லாக் கையேடும் சொல்லும். யாழ்ப்பாணத்தில் அந்த உருவத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: தலையாட்டி. யுத்த காலத்தில் சுற்றிவளைப்பு என்றால் ஊர்ச் சனத்தை வரிசையாக நடத்துவார்கள். சாக்கோ துணியோ தலையில் மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்ட ஒருவர் வாகனத்தில் இருப்பார். அவர் தலையை ஆட்டினால், முன்னால் நிற்கும் ஆள் வீட்டுக்குத் திரும்புவது நிச்சயமில்லை. பிள்ளைக்கு இது தெரியாது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பப்பாவுக்குத் தெரியும்.

இளைய பெற்றோருக்கு வேறொரு நினைவு. 2011 ஓகஸ்டில் நாடு முழுக்கக் கிறீஸ் பூதம் என்ற பீதி பரவியது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய, முகம் தெரியாத ஆட்கள் இரவில் வீடுகளுக்குள் வருகிறார்கள், பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கதை. யாழ் நகரின் கரையோரத்து நாவாந்துறையில் சந்தேகத்துக்குரியவர்களைத் துரத்திப்போன சனம் இராணுவ முகாமைச் சூழ, அதே இரவு படையினர் வீடு வீடாகப் புகுந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களை அடித்து இழுத்துப் போனார்கள். அன்று கைக்குழந்தையோடு கதவைப் பூட்டிக்கொண்டு விழித்திருந்த தாய்மாரின் பிள்ளைகள்தான் இப்போது பாடசாலைக்குப் போகிறார்கள். பொழுது பட்ட பிறகு முகம் மறைத்த ஒருவர், அவர் எவ்வளவு குள்ளமாக இருந்தாலும், படலையைத் தட்டக்கூடாது.

எலும்புக்கூடு வேண்டாம். பிளாஸ்ரிக்காக இருந்தாலும், சிரிக்கும் எலும்புக்கூடாக இருந்தாலும் வேண்டாம். யாழ் நகருக்குள் நுழையும் வழியிலுள்ள செம்மணியில் 2025இல் சித்துப்பாத்தி மயானத்தைத் தோண்டியபோது இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறுபிள்ளைகளுடையவையும் அவற்றில் இருந்தன. ஓர் எலும்புக்கூட்டோடு நீலநிறப் புத்தகப் பை ஒன்றும் கிடைத்தது. அந்தப் படம் வராத பத்திரிகை இல்லை. வீட்டில் பத்திரிகை வாங்காத பிள்ளையும் தொலைபேசியில் பார்த்திருக்கும். மனித உடலின் எலும்புகளுக்கு ஆங்கிலப் பெயர் பழக்க வேண்டுமென்றால் விஞ்ஞான பாடத்தில் பழக்கலாம். வகுப்புச் சுவரில் தொங்கவிட வேண்டாம்.

பேய்க்கப்பல், கடற்கொள்ளையர், கடலில் மிதக்கும் பிணம் போன்ற கதைகளை நெடுந்தீவுப் பக்கம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள் உட்பட முப்பதுக்கு மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். அதே படகு திருத்தப்பட்டு அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அதே சனத்தை ஏற்றி இறக்கியது. வருஷாவருஷம் மே மாதத்தில் தீவில் நினைவு அஞ்சலி நடக்கும். நீங்கள் படிப்பிக்கும் பிள்ளையின் பெரியம்மா அந்தப் படகில் இருந்திருக்கலாம்.

ஊர்காவற்துறையில் சேமக்காலையைக் கொண்டாட்டத்துக்கு இழுக்கக்கூடாது. அங்கே கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. ஹாலோவீன் என்பது சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. நவம்பர் 1 புனிதருக்கு, 2 இறந்த ஆன்மாக்களுக்கு. அந்த நாளில் சேமக்காலையைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, குருவானவர் கல்லறைகளை மந்திரிக்கக் குடும்பமாக நிற்பார்கள். இரண்டு நாளுக்கு முன்னர் றெஜிபோமில் கல்லறை வெட்டி அதில் பகிடிப் பெயர் எழுதி வைத்தால் பிள்ளைக்கு எது பகிடி, எது மெய் என்றே புரியாது. சைவப் பிள்ளைகளுக்கும் நவம்பர் இலேசான மாதம் அல்ல. 27ஆம் திகதி, மாவீரர் நாளில், வேலணையிலுள்ள சாட்டி துயிலும் இல்லத்துக்கு விளக்கேற்றப் போகும் வீடுகள் எல்லாத் தீவிலும் உண்டு.

நயினாதீவில் பாம்பைப் பயமுறுத்தும் சாமான் ஆக்காதீர்கள். அங்கே அவள் நாகபூஷணி அம்மன். வெளிநாட்டுப் பொதியில் றப்பர் பாம்பு ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் பெட்டியிலேயே விடுங்கள். அம்மனுக்குப் பூக் கொண்டுவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்த கதை அந்தத் தீவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் கடலில் நிற்கின்றன. பாம்பு, கழுகு, பூ, கடல், கல் என்று ஐந்தே ஐந்து ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிடலாம். றப்பர் பாம்பால் வரும் அலறலைவிட இந்தக் கதையால் வரும் ஆங்கிலம் அதிகம்.

குடைந்த பூசணிக்குச் சிவப்புப் பூசி வாசலில் வைக்க வேண்டாம். நீத்துப்பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவினால் அது கழிப்பு. கழிப்புக் கழித்த பூசணியைக் கண்டால் சுற்றிப் போக வேண்டும், கடக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். பாடசாலைப் படலையில் அப்படி ஒன்று கிடந்தால் அதிபரின் தொலைபேசி அன்று முழுக்க ஓயாது. அதோடு, ஒரு குடும்பம் இரண்டு நேரம் கறி வைக்கக்கூடிய காயைக் குடைந்து எறிவதைத் தாய்மார் இரசிக்கவும் மாட்டார்கள்.

ஜெலி இனிப்பும் மாஷ்மலோவும் கொடுப்பதற்கு முன் பொதியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் ஜெலற்றின் இருக்கும்; அது மாட்டினதோ பன்றியினதோ தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது. விரத வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம்.

வாளித் தண்ணீரில் அப்பிளை மிதக்கவிட்டு வாயால் கவ்வும் விளையாட்டு எல்லா ஹாலோவீன் புத்தகத்திலும் வரும். நல்ல தண்ணீருக்கு அலையும் தீவில் ஒரு வாளித் தண்ணீரில் முப்பது வாய் படுவதை நினைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

வைரவர், காளி, முனி, கொத்தி யாரையும் வேஷமாக்கக்கூடாது. உங்களுக்கு அவர்கள் நாட்டார் வழக்கு. அடுத்த ஒழுங்கையில் அவர்களுக்குப் பொங்கல் நடக்கிறது.

வெடி கொளுத்துவது, பின்னால் வந்து கத்துவது, வெளிச்சத்தைத் திடீரென அணைப்பது, இவை எதுவும் வேண்டாம். பயப்படுவது பிள்ளைகள் மட்டும் அல்ல. ஷெல்லடிக்குள் பதுங்குகுழியில் இருந்து படித்த தலைமுறை ஒன்று இப்போது ஆசிரியர் அறையில் இருக்கிறது.

தீவெங்கும் ஆளில்லாத வீடுகள் நிற்கின்றன. கூரை இறங்கி, முற்றத்தில் ஆல் முளைத்து, பேய் வீடு என்று பிள்ளைகளே பெயரும் வைத்திருப்பார்கள். அந்த வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். கட்டில்லாத கிணறு பற்றைக்குள் இருக்கிறது. மாரி தொடங்கினால் பாம்பும் இருக்கும். எட்டிப் பார்க்கவும் கூட்டிப் போகாதீர்கள்.

பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடாதீர்கள். பெற்றோர் சம்மதம் இருந்தால் வகுப்புப் பலகையில் ஒட்டலாம்.

செய்ய வேண்டியவை

ஒக்டோபர் 31இல் தொங்கிக்கொண்டு நிற்காமல் முதலில் கலண்டரைப் பாருங்கள். 2024இல் அந்தத் திகதி தீபாவளி. வேறு வருஷங்களில் கந்தசஷ்டி விரதத்துக்குள் விழும். வாரத்தின் நடுவில், விரதமில்லாத, மழை குறைவாக இருக்கும் என்று தோன்றும் ஒரு காலை நேரம் போதும். நவம்பர் 2ஐத் தாண்டிப் போகாமல் ஒக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது. வேலை முழுக்கப் பகலில்தான்.

அதிபரிடம் வாயால் கேட்டால் காணாது. என்ன செய்யப் போகிறீர்கள், என்ன செய்யப் போவதில்லை என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். அதே கடிதம் வீட்டுக்கும் போகட்டும். பேய்த் திருவிழா என்று எழுதாமல், ஆங்கில வேஷ விளையாட்டு நாள் என்று எழுதுங்கள், உண்மையும் அதுதான். உடுப்பு வாங்கத் தேவையில்லை என்ற வசனம் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சுவிஸ் மாமா உள்ள பிள்ளை ஸ்பைடர்மானாக வரும், மற்றப் பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கே வராது.

முகமூடியைக் கைப்பிடியில் வையுங்கள். பிறிஸ்டல் போட்டில் வெட்டிய பாதி முகத்தை ஒரு தடித்த ஈர்க்கில் ஒட்டினால், வேண்டும்போது முகத்துக்கு முன்னால் பிடிக்கலாம், கேள்விக்குப் பதில் சொல்லும்போது இறக்கலாம். தலையாட்டிச் சிக்கலும் இல்லை, வியர்வையும் இல்லை. பிள்ளையின் வாய் தெரிவதால் அது சொல்லும் ஆங்கிலமும் கேட்கும். நான் அறிந்த நல்ல ஆங்கில ரீச்சர் ஒருவர், முகமூடியை இறக்கிய பிறகுதான் பேசலாம் என்று சட்டமே வைத்திருந்தார்.

வேஷத்தைக் கடலிலிருந்தும் தரவையிலிருந்தும் எடுங்கள். நண்டு, கணவாய், திருக்கை, நாரை, நெடுந்தீவென்றால் குதிரை. போத்துக்கேயர் விட்டுப்போன குதிரைகளின் சந்ததி என்று சொல்லப்படும் அவை இன்றும் அங்கே கூட்டமாக மேய்கின்றன. நாலு கால் பாய்ச்சலை நடித்துக்காட்ட அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. வேஷம் கட்டிய பிள்ளை தன்னைப் பற்றி மூன்று வசனம் சொல்லும், மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். “ஐ ஹாவ் ரென் லெக்ஸ். ஐ வோக் சைட்வேஸ். வட் ஆம் ஐ?” நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால். கணவாய்க்கு எட்டுக் கையும் இரண்டு நீளப் பற்றுக்கையும், கூட்டினால் அதுவும் பத்து. சிலந்திக்கு எட்டு. சம்மாட்டி வீட்டுப் பிள்ளை இந்தக் கணக்கில் உங்களைத் திருத்தும்; திருத்த விடுங்கள், ஆங்கிலத்தில்.

பூசணிக்குப் பதிலாகப் பனங்கொட்டை. தலை சீவாமல் வரும் பிள்ளையைப் பார்த்து, சூப்பின பனங்கொட்டை மாதிரி என்று பேசாத அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இல்லை. உண்மையில் அதைப்போல முகம் செய்வதற்கு வாய்ப்பான பொருள் வேறில்லை: தும்பு தலைமயிராக ஏற்கெனவே நிற்கிறது. பனம்பழக் காலம் ஓய்ந்து, கிழங்குக்குப் பாத்தி போடும் நாட்கள் இவை. பாத்திக்குள் போவதற்கு முன் ஆளுக்கொன்று கேட்டு வாங்குங்கள். கழுவி இரண்டு வெயில் காயவிட்டால் பழவாசம் போய்விடும். கண்ணுக்குச் சுண்ணாம்பு, வாய்க்குக் கரி, மூக்குக்கு ஒரு சோகி. செய்து முடித்த பிறகு தலைமயிர் நீளமா கட்டையா, வாய் சிரிக்கிறதா அழுகிறதா, கண் எத்தனை என்று ஒவ்வொருவரும் தன் முகத்தை அறிமுகப்படுத்தலாம். விளக்கு வேண்டுமென்றால் வெசாக் கூடு கட்டுவதுபோல ஈர்க்கும் ரிசுப் பேப்பரும் போதும். உள்ளே சின்ன ரோர்ச் வையுங்கள். காவோலையும் ஓலை வேலியும் உள்ள இடத்தில் மெழுகுதிரி கொளுத்தாதீர்கள்.

இனி நான் அதிகம் நம்பும் வேலை: வெருளி கட்டுங்கள். மேற்கத்தைய ஹாலோவீன் படங்களில் பூசணிக்குப் பக்கத்தில் வைக்கோல் மனிதன் நிற்பான். அவன்தான் நம்முடைய வெருளி. மழைக்கு முன்னர் விதைத்த வயலிலும் வீட்டுத் தோட்டத்திலும் அவனுக்கு இது வேலைக் காலம். பயமுறுத்துவதுதான் அவன் தொழில். ஆனால் கிளியையும் காகத்தையும்தான், பிள்ளையை அல்ல. எந்த வீட்டு இறந்தவரோடும் அவனுக்குத் தொடர்பில்லை.

வகுப்பை ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். ஒரு மூலையில் மேசை போட்டு அதைக் கடை ஆக்குங்கள். கடையில் பழைய சேட், காற்சட்டை, சாரம், கிழிந்த தொப்பி, வைக்கோல் கட்டு, கயிறு, இரண்டு தடி, கரி பிடித்த பழஞ்சட்டி எல்லாம் இருக்கும். கடைக்காரர், வகுப்பில் ஆங்கிலம் கொஞ்சம் ஓடும் ஒரு பிள்ளை. குழுவிலிருந்து ஒவ்வொருவராக வந்து “கான் ஐ ஹாவ் எ ஷேட், ப்ளீஸ்?” என்று கேட்டால்தான் சேட் கிடைக்கும். விரலால் காட்டினால் கடைக்காரருக்குக் கண் தெரியாது. தமிழில் கேட்டால் காது கேட்காது. கயிறு கட்டும்போது கையா காலா என்று சண்டை வரும், அந்தச் சண்டையையும் ஆங்கிலத்துக்குத் திருப்பலாம். சட்டியைக் கவிழ்த்துச் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வைத்த பிறகு பெயர் சூட்டுவிழா. கடைசியாக, ஒரு பிள்ளை வெருளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதன் குரலில் பேசும். மற்றவர்கள் பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், என்ன பிடிக்கும், பிடிக்காது என்று கேட்பார்கள். தன் வாயால் ஆங்கிலம் பேச வெட்கப்படும் பிள்ளை வெருளியின் வாயால் தாராளமாகப் பேசும்.

இதிலும் இரண்டு கவனம். பச்சை நிறச் சேட், பெல்ற், சப்பாத்து கொடுத்து இராணுவச் சாயல் வரவிடாதீர்கள். பாதி கட்டிய வெருளியை நிலத்தில் படுக்கவிட்டு இடைவேளைக்குப் போகாதீர்கள். தூரத்தில் வருபவருக்கு அது வேறுமாதிரித் தெரியும். சுவரில் சாத்தி நிறுத்துங்கள். முடிந்ததும் பாடசாலைத் தோட்டத்தில் நட்டுவிட்டால் தவணை முடியும் வரை ஒவ்வொரு காலையும் அதற்குக் குட் மோர்னிங் சொல்லிக்கொண்டு போவார்கள்.

கதவு தட்டும் விளையாட்டைப் பாடசாலைக்குள்ளேயே நடத்துங்கள். வகுப்பறைகள், அதிபர் அறை, நூலகம், மதிய உணவு சமைக்கும் அம்மாமாரின் கொட்டில், காவலாளியின் கதிரை எல்லாம் வாசல்கள். தரம் 5 பிள்ளைகள் உள்ளே, தரம் 3 பிள்ளைகள் வெளியே. தரம் 3இல்தான் ஆங்கிலம் பாடநூலோடு தொடங்குகிறது, ஆகவே வெளியே நிற்பவர்களுக்கு நாலு துண்டு வசனம் போதும்: யார் தட்டுவது என்ற கேள்விக்குப் பதில், ஒரு வேண்டுகோள், ஒரு நன்றி, ஒரு போய்வருகிறேன். சமைக்கும் அம்மாவுக்கு முதல்நாளே ஒரு வசனம் பழக்கிவிடுங்கள். அவர் “ஹூ ஆர் யூ?” என்று அகப்பையோடு வந்து நிற்பதுதான் அன்றைக்கு எல்லாரும் வீட்டில் போய்ச் சொல்லும் கதையாக இருக்கும். ‘ட்ரிக் ஓர் ட்ரீட்’ என்ற வெருட்டலை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள்: ட்ரிக் என்றால் வாசலில் நிற்பவர் ஒரு நொடி போட வேண்டும், உள்ளே இருப்பவர் அவிழ்க்க வேண்டும். நொடி தமிழில் ஊறிய பிள்ளைகளுக்கு அதை எளிய ஆங்கிலத்தில் போடுவது பெருமையான விளையாட்டு.

கொடுப்பது கச்சான் அல்வா, எள்ளுருண்டை, தோடம்பழ இனிப்பு, சின்னக் குட்டானில் பனங்கட்டி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஓலைப்பெட்டி. சொக்கிலேற் பொதி வந்திருந்தால் எல்லாருக்கும் சமமாகக் காணுமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பூதம் வரைதல் என்பது நாற்பது நிமிஷப் பாடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பயிற்சி. இருவர் முதுகோடு முதுகு சாய்ந்து இருப்பார்கள். ஒருவர் தன் பூதத்தை வரைந்து, அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மற்றவர் பார்க்காமல் வரைவார். மூன்று தலை, ஐந்து கண், ஒரு நீண்ட மூக்கு. பிறகு இரண்டு படத்தையும் சேர்த்துப் பிடித்தால் வகுப்பே சிரிக்கும். பன்மையில் வரும் ‘ஸ்’ ஒலியை நம் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். விளையாட்டின் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள்; ஒரு கண்ணா ஐந்து கண்ணா என்று படத்திலேயே பிழை தெரியும்போது தாங்களே பிடித்துக்கொள்வார்கள். சூரன்போர் பார்த்த பிள்ளைகளுக்குப் பூதம் கற்பனைக்கு எட்டாத விஷயமும் அல்ல. ஆனைமுகம், சிங்கமுகம், மாமரம் என்று தலை மாறி மாறி வரும் சூரனை இளைஞர்கள் தூக்கி ஆட்டும்போது முன்வரிசையில் நின்று கத்தியவர்கள் அவர்கள்தானே. வைரவரை வேஷமாக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சூரனை மட்டும் எப்படி என்று கேட்டால், சூரனைப் பார்த்துச் சிரிக்கக் கோயிலே இடம் கொடுத்திருக்கிறது.

அப்பிள் கவ்வுவதற்குப் பதில் பணிஸ் சாப்பிடும் போட்டி, கயிற்றில் தொங்கும் பணிஸைக் கை கட்டிக்கொண்டு கடிப்பது. யானைக்குக் கண் வைப்பதற்குப் பதில் பூதத்துக்குக் கண் வைப்பது. கண் கட்டிய பிள்ளைக்கு இடம், வலம், மேலே, கீழே என்று வகுப்பு ஆங்கிலத்தில் கத்தி வழிகாட்டும். இரண்டும் சித்திரைப் புதுவருஷ விளையாட்டுகளில் எல்லாரும் பழகியவை, விதி சொல்லி நேரம் வீணாகாது.

வெளிநாட்டு மச்சான் மச்சாள்மாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நேரடி வீடியோ அழைப்பை நம்பாதீர்கள். ரொறன்ரோவில் பிள்ளைகள் கதவு தட்டும் மாலை 6 மணி, இங்கே மறுநாள் அதிகாலை 3.30, லண்டனில் அதே நேரம் இங்கே இரவு 11.30. வட்ஸ்அப் குரற்பதிவு போதும். இங்கிருந்து மூன்று கேள்வி முதலே போகட்டும்: என்ன வேஷம், எத்தனை வீடு, குளிருமா? பதில் வந்ததும் வகுப்பில் போட்டுக் கேளுங்கள். கனடாப் பிள்ளையின் வேகமான ஆங்கிலம் முதல் தடவை விளங்காது. மூன்றாம் தடவை, “போர்ட்டி ஹவுஸஸ்” என்று யாராவது எண்ணைப் பிடித்துவிடுவார்கள். பதிலுக்கு வெருளியின் குரலில் ஒரு பதிவு அனுப்பலாம்.

ஊர்காவற்துறையிலும் நாரந்தனையிலும் பங்குத்தந்தையோடு ஒருமுறை பேசிப் பாருங்கள். ஹாலோவீனுக்குப் பதிலாகப் பிள்ளைகளைப் புனிதர்களாக வேஷம் கட்டவைக்கும் வழக்கம் உலகின் பல கத்தோலிக்கப் பங்குகளில் இப்போது பரவியிருக்கிறது. யாகப்பருக்குப் பயணத் தடியும் சிப்பியும், அந்தோனியாருக்குக் கையில் பாலனும் லீலி மலரும். 2025 செப்டெம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்கூத்திஸ் கணினி தெரிந்த பதினைந்து வயதுப் பையன். ஜீன்ஸும் சப்பாத்தும் புத்தகப் பையும் போட்டால் வேஷம் முடிந்தது. பெடியன்கள் எல்லாரும் அவராகத்தான் வர நிற்பார்கள், முன்கூட்டியே சீட்டுக் குலுக்கிவிடுங்கள்.

விருப்பமில்லாத பிள்ளைக்கு வேறு வேலை கொடுங்கள். புள்ளி எழுதுபவர், கடைக்காரர், மணி அடிப்பவர். ஏன் விருப்பமில்லை என்று தோண்டக்கூடாது. வேஷம் கட்டி வீட்டுக்குப் போன பிள்ளைக்கு அம்மம்மா உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நாவூறு கழித்தால் அதற்கும் முகம் சுளிக்க வேண்டாம். அது அவருடைய பாராட்டு.

கடைசியாக, கடல். சோளகம் ஓய்ந்து வாடை பிடிக்கும் இடைக்காலம் ஒக்டோபர். காலையில் கண்ணாடியாகக் கிடக்கும் கடல் மத்தியானம் இடி மின்னலோடு மாறும், படகு ஓடாது. நயினாதீவு என்றால் குறிகட்டுவானிலிருந்து கால் மணி நேரம், சமாளிக்கலாம். நெடுந்தீவு ஒரு மணி நேரம். ஆகவே உங்கள் திட்டம் உங்களை நம்பி இருக்கக்கூடாது. தடி, சட்டி, வைக்கோல், பனங்கொட்டை எல்லாம் தீவிலேயே கிடைப்பதைக் கொண்டு திட்டமிடுங்கள். காகித வேலைகளைப் பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு வாரம் முந்தியே ரீச்சரிடம் சேர்த்துவிடுங்கள். வசனங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, எந்த விளையாட்டு எத்தனை நிமிஷம் என்று குறித்து ஒரு பிரதியும் கொடுங்கள். மினுக்கித் தூளும் பிளாஸ்ரிக் சிலந்திவலையும் கொண்டு போகாதீர்கள், தீவுக்குள் போன பிளாஸ்ரிக் திரும்பிப் படகேறுவதில்லை. போய்ச் சேர்ந்தால் மத்தியானத்துக்கு முன் முடித்துக்கொண்டு, திரும்பும் படகின் நேரத்தை இறங்குதுறையிலேயே கேட்டு வையுங்கள். போக முடியாவிட்டால் ரீச்சர் நடத்தட்டும். கடைக்காரப் பிள்ளைக்கு எதைக் கேட்டால் எதைக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே பாடம்.